தாத்தாவின் டிரான்ஸ்மிட்டருக்கு மறுபடியும் உயிர் கொடுக்கலாமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தொலைத்தொடர்புத் துறையில் வேலை பார்த்த அவருடைய தந்தை, அமெச்சூர் வானொலி உரிமம் பெற்ற ஹாம், அதாவது பொழுதுபோக்காகத் தம் சொந்தக் கருவியில் வானொலி அலை வழியே மற்றவர்களோடு பேசுபவர். காற்றில் அவரை அடையாளம் காட்டிய அழைப்புக்குறி 9எம்2 என்று தொடங்குவது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். பின்னறையில் ஒரு பழைய கைலியால் மூடப்பட்டு, முப்பது ஆண்டுகளாகத் தொடப்படாமல், அவர் தம் கையால் கட்டிய ஹீத்கிட் டிஎக்ஸ்-60பி டிரான்ஸ்மிட்டர் இருந்திருக்கிறது. கூடவே அதன் கையேடும், ஒரு பிஸ்கட் டின் நிறைய உலக நாடுகளிலிருந்து வந்த அட்டைகளும்.

பாலிடெக்னிக்கில் மின்னியல் படிக்கும் பத்தொன்பது வயது மகன், 110 வோல்ட் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் ஒன்றை வாங்கிவந்து சுவிட்சைப் போட்டிருக்கிறான். பெட்டி உறுமியது, மீன் அழுகியது போல் வாடை வந்தது, ஃபியூஸ் போனது. கையில் கிடைத்த பெரிய ஃபியூஸைப் போட்டு மறுபடியும் முயன்றபோது புகை கிளம்பியது. வாசகிதான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்திருக்கிறார். பெட்டிக்குள் விளக்குப்போல் ஒளிரும் கண்ணாடிக் குழாய்களான வால்வுகளைப் பார்த்த ஒரு கடைக்காரர், "ஒரு வால்வுகூட எரியவில்லை, எல்லாம் போய்விட்டன, மாற்ற 700 ரிங்கிட் ஆகும்" என்றாராம். கோலாலம்பூரில் இருக்கும் வாசகியின் தம்பியோ, பழம்பொருள் வாங்குபவர் ஒருவர் 300 ரிங்கிட் தருவதாகச் சொல்கிறார், தள்ளிவிடுவோம் என்கிறார்.

வாசகியின் கேள்விகள் மூன்று. இதைச் சரிசெய்ய முடியுமா? மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் பழைய கெப்பாசிட்டர் முப்பது ஆண்டு கழித்தும் ஆளைக் கொல்லும் என்கிறார்களே, வீட்டில்தான் மின்கசிவு கண்டால் தானே மின்சாரத்தை அணைக்கும் இஎல்சிபி இருக்கிறதே, பயப்பட வேண்டுமா? மகன் தாத்தாவின் அழைப்புக்குறியில் பேசலாமா?

அன்புச் சகோதரி,

அந்தப் பெட்டிக்கு இதுவரை நடந்த பழுதுபார்ப்பிலேயே உருப்படியானது நீங்கள் மெயினை அணைத்ததுதான். உங்கள் மகனை அதிகம் திட்டாதீர்கள். பழைய வால்வுக் கருவி கையில் கிடைத்தால் முதலில் சுவிட்சைத் தேடாத இளைஞன் எவனும் இல்லை. அந்த வயதில் நானும் ஒரு ரிசீவரை அப்படித்தான் கொன்றேன்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதியில் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். உள்ளே சுருட்டிவைத்த அலுமினியத் தாள். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம். அந்தப் படலம்தான் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துகிறது. மின்னழுத்தமே படாமல் முப்பது ஆண்டுகள் கிடந்தால் படலம் நலிந்துபோகும், உள்ளிருக்கும் திரவமும் உலர்ந்துபோகும். அந்த நிலையில் முழு மின்னழுத்தத்தையும் ஒரேயடியாகக் கொடுத்தால் கெப்பாசிட்டர் ஏறக்குறைய வெறும் கம்பியாகிவிடுகிறது; சுமை தாங்காமல் டிரான்ஸ்பார்மர் உறுமுகிறது. அந்த மீன் வாடை கொதித்த திரவத்தின் வாடை. ஃபியூஸ் தன் கடமையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறது. அதன் இடத்தில் பெரிய ஃபியூஸைப் போட்டது மட்டும்தான் எனக்கு வருத்தம். அந்தப் பெட்டியில் கெப்பாசிட்டர் வாங்கலாம், ரெசிஸ்டர் வாங்கலாம், வால்வும் வாங்கலாம். டிரான்ஸ்பார்மர் கருகினால் கடையில் போய் வாங்க முடியாது. முதல் ஃபியூஸ் தன்னைக் கொடுத்துக் காப்பாற்றப் பார்த்தது அதைத்தான்.

கடைக்காரர் சொன்னதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். வால்வுகளைச் சூடாக்கும் இழைகளுக்கு 6.3 வோல்ட் இணையாகப் போகிறது. கிறிஸ்துமஸ் விளக்குச் சரம் போல ஒன்று போனால் எல்லாம் அணைவதில்லை. ஒன்று போயிருந்தாலும் மற்றவை எரியும். எல்லாமே இருண்டு கிடந்ததற்குக் காரணம் பெரும்பாலும் ஃபியூஸ் போயிருந்ததுதான். 700 ரிங்கிட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வால்வைச் சோதிக்க உங்கள் மகனுக்குக் கடை வேண்டாம். ஒவ்வொன்றையும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும். கண்ணாடியின் உட்புறத்தில் ஓரிடத்தில் கண்ணாடிபோல் பளபளக்கும் வெள்ளிப் பூச்சு தெரியும். அது வெள்ளியாகவோ பழுப்போடிய வெள்ளியாகவோ இருந்தால் உள்ளே வெற்றிடம் இருக்கிறது. சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, தூக்கிப் போட வேண்டியதுதான். அடுத்து மல்டிமீட்டரால் இழையைச் சோதிக்க வேண்டும். தலையில் உலோகத் தொப்பியோடு பெரிதாக நிற்கிறதே, அதுதான் 6146, அலையை வெளியே தள்ளும் கடைசி வால்வு. அதன் 2, 7ஆம் கால்களுக்கு இடையே மிகக் குறைந்த ஓம் காட்டினால் இழை உயிரோடிருக்கிறது.

இஎல்சிபி இருக்கிறதே என்ற நம்பிக்கை

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படவைத்த வரி இதுதான். நம் வீடுகளில் இஎல்சிபி இடி இடித்தாலே விழுந்து, குளிர்பெட்டியை அணைத்துவிட்டுப் போவதால் எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிடுகிறோம். அது பார்ப்பது ஒன்றே ஒன்றை: உள்ளே போன மின்னோட்டமும் திரும்பி வந்த மின்னோட்டமும் சமமா என்று. டிரான்ஸ்மிட்டருக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் வீட்டு மின்சாரத்தையும் உள்ளே உருவாகும் உயர் மின்னழுத்தத்தையும் தனித்தனிச் சுற்றுகளாகப் பிரித்துவிடுகிறது. உங்கள் மகனின் ஒரு கை அந்த உயர் மின்னழுத்தத்திலும் மறு கை இரும்புச் சட்டத்திலும் பட்டால், மின்சாரம் அவன் மார்பு வழியே போய் அந்தச் சிறு சுற்றுக்குள்ளேயே திரும்பிவிடும். வெளியே இருக்கும் இஎல்சிபிக்குக் கணக்கு சரியாகத்தான் தெரியும், அது விழாது. இந்த வகைக் கருவியில் இருப்பது பல நூறு வோல்ட். 6146-இன் தலையில் இருக்கும் தொப்பிக்கே அந்த மின்னழுத்தம் வருகிறது.

கெப்பாசிட்டர் முப்பது ஆண்டு கழித்தும் கொல்லும் என்பது மிகை. அவ்வளவு காலம் மின்னூட்டம் தங்காது, கசிந்துவிடும். உண்மையான ஆபத்து சுவிட்சை அணைத்த பிறகு வரும் நிமிடங்களில்தான். மிச்ச மின்னூட்டத்தை வடித்துவிடுவதற்கென்றே ரெசிஸ்டர்கள் உள்ளே இருக்கும். அவை நன்றாக இருந்தால் சற்று நேரத்தில் வடிந்துவிடும். அவற்றில் ஒன்று கருகி அறுந்திருந்தால் வடியாது, வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது. அதனால் மூடியைத் திறக்கும் முன் மின்செருகியை உருவிக் கண்ணெதிரே வைப்பது, திறந்ததும் மீட்டரால் அளப்பது, காப்பிட்ட கைப்பிடி உள்ள குச்சியின் முனையில் ரெசிஸ்டர் கோத்த கம்பியால் மின்னூட்டத்தை இரும்புச் சட்டத்துக்கு இறக்குவது, மறுபடியும் அளப்பது என்று நான்கையும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். மின்சாரம் உள்ள பெட்டியில் அளக்கும்போது ஒரு கை கால்சட்டைப் பையில் இருக்கட்டும். வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நிற்கக்கூடாது. வீட்டில் வேறு ஆள் இல்லாதபோது திறக்கவே கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்த கை என்ன செய்யும் என்று மின்னியல் படிப்பவனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எதிலிருந்து தொடங்குவது

முதலில் கையேடு. ஹீத்கிட் என்பது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பென்டன் ஹார்பரிலிருந்து வந்த பொருள். உதிரிப் பாகங்களாகப் பெட்டியில் வரும், வாங்கியவர்தான் கட்ட வேண்டும். கையேட்டின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு வெற்று அடைப்புக்குறி இருக்கும். அந்த வேலையை முடித்ததும் பென்சிலால் டிக் போட வேண்டும். உங்கள் தந்தையின் டிக் குறிகள் பக்கம் பக்கமாக இருப்பதாகவும், ஓரிடத்தில் மட்டும் குறி இல்லை என்று மகன் கண்டுபிடித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். கெட்டிக்காரப் பையன். அந்தப் பெட்டி பல ஆண்டுகள் வேலை செய்தது என்பதற்கு பிஸ்கட் டின்னில் இருக்கும் அட்டைகளே சாட்சி. ஆகவே அப்பா வேலையைச் செய்துவிட்டு டிக் போட மறந்திருக்கலாம். இருந்தாலும் அந்த இணைப்பையே முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கருவிகளில் வரும் கோளாறுகளில் பெரும்பங்கு ஈயப்பற்று சரியாகப் பிடிக்காததால் வருவது. நல்ல பற்று பளபளப்பாகக் கம்பியைத் தழுவி நிற்கும். மோசமான பற்று மங்கலாக, குண்டாக, உருண்டை மணிபோல் உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது சுத்தம். கடற்காற்று படும் ஊர் உங்களுடையது. பல்லி முட்டை, கரப்பான் எச்சம், செம்பில் பச்சைக் களிம்பு எல்லாம் இருக்கும். மென்மையான தூரிகையும் காற்றும் போதும், தண்ணீர் வேண்டாம். சுழலும் சுவிட்சுகளுக்கு மின்தொடுப்புகளைச் சுத்தம் செய்வதற்கென்று விற்கும் திரவத்தைத் துளித்துளியாக விடலாம். துரு இளக்கும் எண்ணெயை அங்கே பீய்ச்சக் கூடாது. டிரான்ஸ்பார்மர் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். வெதுவெதுப்பான, உலர்ந்த இடத்தில் சில நாள் வைத்திருந்து, பிறகு பாலிடெக்னிக் ஆய்வகத்தில் மெக்கர் எனும் அளவுக்கருவி இருந்தால் டிரான்ஸ்பார்மரின் மின்காப்பை அளந்து பார்க்க வேண்டும். இந்தச் சோதனையில் அது தேறாவிட்டால் மற்றச் செலவு எதையும் தொடங்க வேண்டாம்.

பிறகு எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள். அவற்றைத் தேற்ற முயலாமல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். தம்பி கோலாலம்பூரில்தானே இருக்கிறார்? மின்னணு உதிரிப் பாகங்கள் விற்கும் ஜாலான் பாசார் கடைகளில் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். விற்கச் சொன்ன பாவத்துக்கு அது பரிகாரம். மின்தேக்கு அளவு பழையதை ஒட்டி இருக்கட்டும், வோல்ட் அளவு பழையதற்குக் குறையக்கூடாது, 105 பாகை வெப்பம் தாங்குவதாக இருப்பது நல்லது. பழைய உருளையைப் பார்வைக்காக மேலே அப்படியே விட்டுவிட்டு, இணைப்பை அறுத்து, புதியதை அடியில் மறைத்துப் பொருத்தலாம். இரண்டு கெப்பாசிட்டர்களைத் தொடராக வைத்திருந்தால் அவற்றுக்குக் குறுக்கே உள்ள ரெசிஸ்டர்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. உற்சாகத்தில் எல்லாப் பாகங்களையும் பிடுங்கிப் புதிதாகப் போடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. வட்டு வடிவ செராமிக் கெப்பாசிட்டர்கள் ஐம்பது ஆண்டு கழித்தும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அவற்றைப் பிடுங்கினால் நீங்களே புதுக் கோளாறு ஒன்றை உள்ளே வைக்கிறீர்கள். கரிக்கலவை ரெசிஸ்டர்கள் அப்படியல்ல. நம் ஈரக்காற்றில் அவற்றின் மதிப்பு ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொன்றாக அளந்து, குறித்த மதிப்பிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விலகியதை மட்டும் மாற்றினால் போதும்.

மின்கம்பிக்கு வருகிறேன். பழைய இரண்டு இழைக் கம்பி இருந்தால் வெட்டி எறிந்துவிட்டு, எர்த் இழையோடு மூன்று இழைக் கம்பி போட்டு, எர்த்தை இரும்புச் சட்டத்தில் திருகாணியால் இறுக்க வேண்டும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மரும் அந்த எர்த்தைத் தொடர்ந்து கொண்டுபோவதாக இருக்க வேண்டும். மலிவான பலவற்றில் அது இல்லை. மகன் 110 வோல்ட் வாங்கியது நல்லது. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. அங்கே பிறந்த டிரான்ஸ்பார்மர் இங்கே சற்றுக் கூடுதலாகவே சூடாகும்; அதில் 120 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால் இன்னும் மோசம்.

இத்தனையும் முடிந்த பிறகு மின்சாரம். நேரடியாக இல்லை, மின்பாதையில் தொடராக ஒரு 100 வாட் இழை பல்பு வைத்து. எல்இடி பல்பு இதற்கு உதவாது, பழைய குண்டு பல்புதான் வேண்டும். உள்ளே எங்காவது குறுக்குச் சுற்று இருந்தால் பல்பு பளீரென்று எரியும், டிரான்ஸ்மிட்டர் பிழைத்துக்கொள்ளும். முதலில் பளிச்சிட்டுப் பிறகு மங்கினால் நல்ல சகுனம்.

ஆண்டெனா இல்லாமல் சோதிப்பது

அலை வரும் கட்டத்தில் ஆண்டெனாவை மாட்டக்கூடாது. ஆண்டெனாவுக்குப் பதில், அலையை வெளியே விடாமல் வெப்பமாக்கிவிடும் 50 ஓம் போலிச் சுமை வேண்டும், 100 வாட் தாங்குவதாக. கம்பி சுற்றிய ரெசிஸ்டர் சுருளாகவே நடந்துகொள்ளும், வேண்டாம். இந்த டிரான்ஸ்மிட்டர் உள்ளே எடுப்பது 90 வாட். 6146-இன் உள்ளே இருக்கும் உலோகத் தகடு, விட்டு விட்டு இயக்கும்போதும், வெப்பமாகத் தாங்குவது 25 வாட்தான். எடுத்ததில் அலையாக வெளியே போகாதது அத்தனையும் தகட்டைச் சுடும். ஆகவே முதலில் மீட்டரில் கிரிட் மின்னோட்டம், அதாவது கடைசி வால்வின் கட்டுப்பாட்டு வலைக்குப் போகும் மின்னோட்டம், கையேடு சொல்லும் அளவுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு தகட்டு மின்னோட்டத்தைப் பார்த்தபடி தகட்டுச் சுற்றின் குமிழைத் திருப்பும்போது ஓரிடத்தில் முள் சட்டென்று இறங்கும். அங்கேதான் நிறுத்த வேண்டும். சுமையைக் கொஞ்சம் கூட்டி, மறுபடியும் இறக்கம் தேட வேண்டும். விரல் பழகும்வரை ஒவ்வொரு முயற்சியும் சில விநாடிக்குள் முடியட்டும்.

கிரிட் மின்னோட்டமே வரவில்லையானால் வால்வைச் சந்தேகிக்கும் முன் அலைவரிசையை நிர்ணயிக்கும் கிரிஸ்டலைப் பாருங்கள். அதன் கால்களில் ஏறிய களிம்பைச் சுரண்டினாலே பல கிரிஸ்டல்களுக்கு உயிர் வந்துவிடும். அறையை இருட்டாக்கிப் பார்க்கும்போது 6146-இன் தகடு மங்கலாகச் சிவந்தால், புள்ளியும் கோடுமாகச் செய்தி தட்டும் மோர்ஸ் சாவியை உடனே விட்டுவிட வேண்டும். இன்னொன்று: பழைய டிரான்ஸ்மிட்டர்களில் அந்தச் சாவியின் முனைகளிலும் மின்னழுத்தம் நிற்கும். உலோகம் வெளியே தெரியும் அழகான பழைய சாவி அப்பாவிடம் இருந்திருக்கும். தொடுவதற்கு முன் அளக்கட்டும்.

தாத்தாவின் அழைப்புக்குறி

இதில் உங்களுக்கு ஏமாற்றம்தான். அழைப்புக்குறி நகை நட்டு போலப் பிள்ளைகளுக்கு இறங்காது. அது அந்த மனிதருக்குக் கொடுத்த உரிமத்தோடு சேர்ந்தது, அவரோடு முடிந்தது. மகன் அதைச் சொல்லி ஒரு வார்த்தை பேசினாலும் உரிமமில்லாத ஒலிபரப்புதான். நம் நாட்டில் 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்கீழ் எம்சிஎம்சி எனும் ஆணையம் இதைக் கவனிக்கிறது. உரிமமில்லாமல் அலைவரிசையைப் பயன்படுத்துவது குற்றம். தேர்வு எழுதித் தேறி, சான்றிதழும் உரிமமும் பெற்றால் அவனுக்கென்று ஒரு குறி கிடைக்கும். தீபகற்ப மலேசியாவில் 9எம்2, 9டபிள்யூ2 என்று தொடங்கும் குறிகள் இருவேறு வகுப்புகளுக்குரியவை. எந்த வகுப்புக்கு எந்த அலைவரிசை, எவ்வளவு வாட் என்பதைத் தேர்வுக்குப் பதியும்போதே கேட்டுக்கொள்ளட்டும். இந்தப் பெட்டி பேசுவது 80 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரையிலான சிற்றலைகளில். அதற்கு இடம் தராத உரிமத்தை வாங்கிவிட்டுப் பெட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விடக்கூடாது. உரிமம் வரும்வரை இந்த டிரான்ஸ்மிட்டரை வீட்டில் வைத்திருப்பது பற்றியும் ஆணையத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மார்ட்ஸ் என்ற அமெச்சூர் வானொலிச் சங்கம் 1952 முதல் இருக்கிறது. உங்கள் தந்தையின் குரலைக் காற்றில் கேட்டவர் யாராவது அங்கே இருக்கலாம்.

அந்த பிஸ்கட் டின் அட்டைகளைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. அவை ஒவ்வொரு தொடர்பையும் உறுதிசெய்து எதிர்முனை ஹாம் அனுப்பியவை. நாள், நேரம், அலைவரிசை, அப்பாவின் குறி எல்லாம் அதில் இருக்கும். மலாயா காலத்துக் குறிகள் விஎஸ்2 என்று தொடங்கின; அத்தகைய அட்டை ஒன்றாவது இருந்தால் தனியே எடுத்துவையுங்கள். டின்னில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போடுங்கள். பூஞ்சை பிடித்தால் திரும்ப வராது.

விற்பதா வைத்துக்கொள்வதா

300 ரிங்கிட் தருபவர் பெரும்பாலும் 6146-ஐயும் அளவு மீட்டரையும் பிடுங்கிவிட்டு மிச்சத்தைப் பழைய இரும்புக்குப் போடுவார். டிக் போட்ட கையேட்டோடு முழுமையாக இருப்பதற்குச் சேகரிப்பவர்களிடம் தனி மதிப்பு உண்டு. விற்பதே முடிவு என்றால் உரிமம் உள்ள ஒரு ஹாமிடம் விற்கப் பாருங்கள். பொருள் யாருக்குச் சேரும் என்பது உங்கள் அம்மாவும் தம்பியும் நீங்களும் பேசித் தீர்க்க வேண்டியது. மகன் செலவு செய்யத் தொடங்கும் முன் தம்பியிடமிருந்து ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். என்னைக் கேட்டால், டிரான்ஸ்பார்மர் தேறினால் வைத்துக்கொள்ளலாம். அது தேறாவிட்டால் மூடியை மாட்டி அலமாரியில் வைத்துவிட்டு, மகன் சிறிய நவீனக் கருவி ஒன்றில் தொடங்கட்டும். அதில் குறைவொன்றும் இல்லை.

வேலை தொடங்கும் நாளில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பழைய மின்கம்பியை வெட்டியதும் புதிய கம்பியை மகனிடம் கொடுக்காதீர்கள். உங்கள் அலமாரியில், சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிக்கொள்ளுங்கள். கெப்பாசிட்டர்கள் மாறிவிட்டன, ரெசிஸ்டர்களை அளந்தாயிற்று, குச்சி தயார், சரியான ஃபியூஸ் வாங்கியாயிற்று என்று கையேட்டின் கடைசி வெற்றுப் பக்கத்தில் அவன் எழுதி, ஒவ்வொன்றுக்கும் தாத்தா போட்டதுபோல் டிக் போட்டுக் கொண்டுவந்து காட்டிய பிறகு எடுத்துக் கொடுங்கள்.